ஜம்புத்வீபத்துப் பூச்சியும் அதன் குடும்பப் பெயரும்

பிச்சாட்டூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால், அந்தத் தொல்லைக்கு இரண்டு மொழிகளில் பெயர் கேட்கும். தமிழ் பேசும் குடியானவர் ‘இலைப்பேன் விழுந்துவிட்டது’ என்பார். தெலுங்கு பேசும் குடியானவர் அதே பூச்சியைத் ‘தாமர புருகு’ என்பார். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் ‘பை முடத’ என்றும், கீழ்நோக்கிச் சுருண்டால் ‘கிந்தி முடத’ என்றும் ஆந்திர நாட்டு உழவர்கள் பிரித்துச் சொல்வது வழக்கம். முன்னது இலைப்பேனால் வருவது. பின்னது எட்டுக் கால் கொண்ட, சிலந்தி வகையைச் சேர்ந்த சிற்றுயிரால் வருவது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையின்றி, இலை வளையும் திசை ஒன்றைக் கொண்டே பூச்சியையும் சிலந்தியையும் பிரித்தறிந்த அறிவு இது. இதனையும் ஒருவகைப் பாகுபாடு என்றே கொள்ளவேண்டும்.

ஆயினும் உழவரின் பாகுபாடு பயிரின் துன்பத்தை வைத்து எழுந்தது. பயிருக்கு ஒரு தீங்கும் செய்யாத பூச்சிக்கு அதில் இடமும் இல்லை, பெயரும் இல்லை. ஏரிக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாய் முளைத்து நிற்கும் ஈச்சமரத்தின் பூக்களில் வாழும் இலைப்பேன் ஒன்று உண்டு. மிளகாயையும் நிலக்கடலையையும் கெடுக்கும் அதன் உறவினர்களைப் போல் அது யாருடைய கண்ணிலும் பட்டதில்லை. அதற்குப் பெயர் சூட்டியவர் ஒரு தமிழர். அதைச் சுற்றி எழுந்த சிறு குடும்பம், உலகத்துப் பூச்சியியல் அறிஞர்களின் பட்டியலில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலமாக இடம் மாறியும் பெயர் மாறியும் வந்திருக்கிறது. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல எடுத்துக்கொண்டேன்.

முதலில் இலைப்பேன் எத்தகையது என்பதைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேன் என்ற சொல் நமக்குத் தலைப்பேனை நினைவூட்டும். இவ்விரண்டும் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்தவை. இலைப்பேன்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை. இறக்கை உள்ளவற்றில் அவ்விறக்கைகள் குச்சிபோல் ஒடுங்கி, ஓரமெங்கும் நீண்ட மயிர்களைச் சரிகைக் குஞ்சம்போல் தாங்கியிருக்கும். வாயின் அமைப்போ விந்தையிலும் விந்தை. இடப்பக்கத்துத் தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். வலப்பக்கத்தது வளர்ச்சியின்றிப் போய்விடும். அந்த ஒற்றைத் தாடையால் செடியின் தோலைக் குத்தித் துளைத்துச் சாற்றை உறிஞ்சும்.

ஸ்வீடன் நாட்டு டி கீர் 1744இல் இப்பூச்சிகளை விவரித்தார். அதே நாட்டு லின்னேயஸ் 1758இல் இவற்றை ‘த்ரிப்ஸ்’ என்ற பேரினத்துள் அடக்கினார். அது மரத்தை அரிக்கும் புழுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பூச்சிக்குப் பொருந்தாத பெயர்தான், என்றாலும் நிலைத்துவிட்டது. அயர்லாந்து நாட்டு ஹாலிடே என்பவர் 1836இல் இவற்றைத் தனி வரிசையாக்கி, ‘குஞ்ச இறக்கையின’ என்று பொருள்படும் ‘தைசனாப்டெரா’ என்னும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். அவ்வரிசையை இரண்டாகப் பிரித்தவரும் அவரே. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் வாள்போன்ற முட்டையிடும் கருவி உள்ளவை ஒரு பிரிவு. வயிற்று நுனி குழாய்போல் முடிபவை மற்றொரு பிரிவு. இன்று அறியப்பட்டுள்ள இலைப்பேன் இனங்கள் 6000க்கு மேற்பட்டவை. ஹாலிடே இட்ட அந்த எல்லைக்கோடு மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது. குழாய்ப் பிரிவில் ஒரே பெருங்குடும்பம். வாள் பிரிவிலோ ஒரு பெரிய குடும்பமும் பல சிறு குடும்பங்களும் உண்டு. நம்முடைய பூச்சி அச்சிறு குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தது.

இந்திய நாட்டில் இந்த ஆராய்ச்சி வேரூன்றிய இடங்களுள் கோயம்புத்தூர் முதன்மையானது. தொடக்கத்தில் தென்னிந்தியப் பூச்சிகளுக்குப் பெயரிடும் வேலை பெரும்பாலும் கடல்கடந்தே நடந்தது. அமெரிக்கரான டக்ளஸ் ஹூட் என்பார் 1919இல் தென்னிந்தியாவினின்று கிடைத்த இலைப்பேன்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மிளகாய்க்கு எமனாய் வாய்த்த ‘ஸ்கிர்ட்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ்’ என்னும் இனம் அக்கட்டுரையிலேதான் முதன்முதலில் பெயர்பெற்றது. நம் வயற்பூச்சிக்கு நாம் பெயரிடும் நிலை வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அந்நிலையை உண்டாக்கியவர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர். 1880இல் பிறந்து 1952இல் மறைந்த இவர், சென்னை மாகாண அரசாங்கத்தின் பூச்சியியல் அறிஞராகக் கோயம்புத்தூரில் பணிபுரிந்தவர். ‘இந்தியாவின் தைசனாப்டெரா பற்றிய அறிவுக்கு ஒரு பங்களிப்பு’ என்ற பொருளில் அவர் எழுதி, இந்திய வேளாண்மைத் துறையின் வெளியீடாக 1928இல் வந்த நூல் நூறு பக்க அளவினது. பின்னர் மார்க்கபந்து என்பாருடன் சேர்ந்து 1931இலும் 1940இலும் இத்துறையில் எழுதினார். மிளகாய் இலைச் சுருட்டை இலைப்பேனால் வருவதைக் குண்டூர், மதுரைப் பகுதிகளில் ஆராய்ந்து, மேலும் இருவருடன் சேர்ந்து 1935இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. குண்டூரும் மதுரையும் அன்று ஒரே மாகாணம். ஆகையால் ஒரே கட்டுரையில் இரண்டையும் அடக்க முடிந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. உலகத்துப் பூச்சியியல் நூல்களில் இவருடைய பெயர் இருவகையாக வழங்குகிறது. சில பட்டியல்களில் ‘ராமகிருஷ்ணா’ என்ற பெயரின் கீழ் இவரைக் காணலாம்; வேறு சிலவற்றில் ‘ஐயர்’ என்ற பெயரின் கீழ்த் தேடவேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதில் வியப்பு இராது. ஊரின் முதலெழுத்து, தந்தையின் முதலெழுத்து, தம் பெயர் என்ற வரிசையில் எழுதிப் பழகிய நாம், ‘குடும்பப் பெயர் யாது?’ என்று கேட்கும் விண்ணப்பத் தாளின் முன் ஒருமுறையேனும் திகைத்து நின்றவர்களே. ஆயிரம் பூச்சிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் துறையில் உழைத்தவருக்கும் அதே திகைப்பு வந்து சேர்ந்தது.

1928இன் அந்நூலில்தான் ஈச்சம்பூவின் இலைப்பேன் முதன்முதல் இடம்பெற்றது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஆதிஹெட்டெரோத்ரிப்ஸ் ஜம்புத்வீபே’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தப் பெயரைக் காணுந்தோறும் ஒரு மகிழ்ச்சி எழுகிறது. ஹெட்டெரோத்ரிப்ஸ் என்பது ஹூட் 1908இல் அமெரிக்கப் பூச்சிகளுக்குச் சூட்டிய பேரினப் பெயர். ‘வேறுபட்ட இலைப்பேன்’ என்பது அதன் பொருள். அதன் முன்னுள்ள ‘ஆதி’ நம் வடமொழிச் சொல் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ‘ஜம்புத்வீபே’ என்பது, சங்கல்பம் சொல்லும்போது நாம் கேட்கும் ஜம்புத்வீபம் என்ற சொல்லே. அதனோடு லத்தீன் மொழியின் வேற்றுமை உருபு சேர்ந்து, ‘ஜம்புத்வீபத்துக்கு உரியது’ என்ற பொருளைத் தருகிறது. ஜம்பு என்பது நாவல். பழந்தமிழ் நூலோர் இந்நிலத்தை நாவலந்தீவு என்றனர். ஆகவே நல்ல தமிழில் இப்பூச்சியை ‘நாவலந்தீவின் ஆதி வேற்றிலைப்பேன்’ எனலாம். கிரேக்கம், வடமொழி, லத்தீன் மூன்றும் கைகோத்து நிற்கும் இப்பெயரைப் படைத்தவருக்குத் தம் பூச்சி இந்நாட்டினது என்பதை உலகப் பட்டியலில் பதித்துவிட வேண்டும் என்ற கருத்து இருந்திருக்க வேண்டும்.

ஆனால் பெயரிலேயே ஒரு சிக்கலும் புகுந்துவிட்டது. ‘ஆதிஹெட்டெரோத்ரிப்ஸ்’ என்று சொல்லும்போதே அமெரிக்க ஹெட்டெரோத்ரிப்ஸுக்கு அது உறவு என்று சொன்னதாகிறது. பல காலம் அப்படியே கருதப்பட்டது. ஹெட்டெரோத்ரிப்ஸ் குடும்பத்தின் ஒரு கிளை இந்தியாவில் இருப்பதாக நூல்கள் கூறின. மத்தியதரைக்கடல் நாடுகளின் பேரீச்சம்பூவில் வாழும் ஹோலார்த்ரோத்ரிப்ஸ் என்ற பேரினமும் அதே கூட்டத்தில் வைக்கப்பட்டது. அதனை ஆங்கிலேயரான பாக்னல் 1927இல் விவரித்திருந்தார்.

இந்த உறவு மெய்யா என்பதைத் தீர்த்துவைத்தது பூச்சியின் உணர்கொம்பு. இலைப்பேனின் தலையில் இரண்டு உணர்கொம்புகள் உண்டு. ஒவ்வொன்றும் சங்கிலிக் கண்ணிகள்போல் அடுக்கிய சில கணுக்களால் ஆனது. நம் பூச்சிக்குக் கணுக்கள் ஒன்பது. அவற்றுள் மூன்றாவது கணுவிலும் நான்காவது கணுவிலும் மணத்தையும் பிறவற்றையும் உணரும் நுண்ணுறுப்புகள் அமைந்துள்ளன. வாள் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களை அடையாளம் காண அறிஞர்கள் முதலில் நோக்குவது இவ்விரு கணுக்களையே. பயிர்களைக் கெடுக்கும் பெரிய குடும்பத்தில் இவ்வுறுப்பு மெல்லிய கூம்பாகவோ, இரண்டாகப் பிளந்த கவைபோலவோ மேலெழுந்து நிற்கும். இன்னொரு குடும்பத்தில் கணுவின் நீளவாட்டில் கோடுபோல் படிந்திருக்கும். அமெரிக்க ஹெட்டெரோத்ரிப்ஸ் குடும்பத்தில் கணுவின் நுனியைச் சுற்றி ஒட்டியாணம்போல் ஓடும். ஈச்சம்பூப் பூச்சியிலோ அது தடித்து, அடி அகன்று நிற்கும். ஒட்டியாணம் இல்லை, மெல்லிய கவையும் இல்லை.

இந்த வேறுபாட்டைக் காண்பது எளிதென்று எண்ணவேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சியின் உணர்கொம்பில் ஒரு கணுவின்மேல் உள்ள உறுப்பு அது. பூச்சியின் உள்ளே இருப்பவற்றைக் காரத்தில் ஊறவைத்துக் கரைத்து, சாராயத்தில் படிப்படியாக நீர் நீக்கி, இறக்கைகளையும் உணர்கொம்புகளையும் நுண்ணிய ஊசியால் விரித்துவைத்து, கண்ணாடித் தகட்டின்மேல் கனடா பிசினில் பதித்தால்தான் நுண்ணோக்கியின் கீழ் அது தெளிவாகத் தெரியும். கணு சற்றுத் திரும்பிப் படிந்துவிட்டால் காணவேண்டியது கண்ணில் படாது. கைத்திறம் இல்லாதவரிடம் அகப்பட்ட பூச்சி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததும் ஆகலாம்!

1946இல் ஷம்ஷேர் சிங் என்னும் அறிஞர் இந்தியாவின் வாள் பிரிவு இலைப்பேன்களை ஆராய்ந்து எழுதியபோது, ஆதிஹெட்டெரோத்ரிப்ஸின் பெயராலேயே ஒரு தனிக் கூட்டத்தை அமைத்தார். தனிக் குடித்தனத்துக்கு முதல் அடி அதுவே. சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்த டி. என். அனந்தகிருஷ்ணன் அடுத்து வந்தார். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவர், ஒரு தலைமுறை மாணவர்களை இத்துறைக்கு ஆக்கித் தந்தவர். இந்திய இலைப்பேன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1969இல் வெளிவந்தது. தில்லியைச் சேர்ந்த பாட்டியும் அனந்தகிருஷ்ணனும் சேர்ந்து 1978இல் ஹோலார்த்ரோத்ரிப்ஸ் பேரினத்தின் இந்திய இனம் ஒன்றை விவரித்து, அதற்கு ‘இண்டிகஸ்’ என்று பெயரிட்டனர். ஈச்ச இனத்தின் பூக்களில் இரண்டு பேரினங்களும் நம் நாட்டிலேயே உண்டு என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

1980இல் மவுண்ட், ஹெமிங், பால்மர் ஆகிய மூவரும் உலகத்து இலைப்பேன் குடும்பங்கள் அனைத்தையும் ஒப்புநோக்கி, அவற்றை எட்டாக வகுத்தனர். அவ்வெட்டினுள் ஒன்று ஆதிஹெட்டெரோத்ரிப்ஸ் குடும்பம். அமெரிக்கக் குடும்பத்திலிருந்து நம் பூச்சி முறைப்படி பிரிந்து, தன் பெயரால் ஒரு முழுக் குடும்பம் ஆனது. கலிபோர்னியாப் பக்கத்து மலைப்புதர்களின் பூக்களில் வாழும் ஆலிகோத்ரிப்ஸ் என்ற ஓரினமும் இக்குடும்பத்தில் சேர்ந்தது. ஜம்புத்வீபத்தின் பெயரைத் தாங்கிய பூச்சி ஒரு குடும்பத்துக்கே தலைப்பெயர் தந்தது என்று பெருமைப்பட நமக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பெருமைக்கு ஆயுள் நீளவில்லை. பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் என்னும் பழம்பிசினில், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அகப்பட்டுக் கல்லான பூச்சிகள் உள்ளன. அவற்றுள் ஓர் இலைப்பேனுக்கு, முன்பு கண்ட அதே பாக்னல், ஸ்டெனூரோத்ரிப்ஸ் என்று பெயரிட்டு, அதற்கெனத் தனிக் குடும்பப் பெயர் ஒன்றையும் 1923இல் வெளியிட்டிருந்தார். பெரிதும் பேசப்படாமல் கிடந்த பெயர் அது. பின்னாளில் அறிஞர்கள் அந்த அம்பர்ப் பூச்சியையும் ஈச்சம்பூப் பூச்சியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே குடும்பத்தவை என்ற முடிவுக்கு வந்தனர். விலங்குகளுக்குப் பெயரிடும் அனைத்துலக விதியின்படி, ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்திய பெயரே செல்லும். 1923 முந்தியது, 1946 பிந்தியது. மவுண்டும் மாரிஸும் 2007இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இலைப்பேன் குடும்பங்கள் ஒன்பது. அங்கே நம் பூச்சியின் குடும்பம் ஸ்டெனூரோத்ரிப்ஸ் குடும்பம் என்றே குறிக்கப்பட்டது. நம் பெயர் குடும்பத்தின் தலைவாயிலிலிருந்து இறங்கிவிட்டது. பூச்சியின் சொந்தப் பெயராகிய ஆதிஹெட்டெரோத்ரிப்ஸ் ஜம்புத்வீபே மட்டும் எவ்வித மாற்றமும் இன்றி வழங்குகிறது.

இதில் சிறிது வருத்தம் எழுவது இயல்பு. ஆயினும் விதி நடுநிலையானது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். யாருடைய பெயர் அழகியது, யாருடைய நாடு பெரியது என்று பார்த்தால் பட்டியலுக்கு முடிவே இராது. மேலும், பெயர் இழந்த இடத்தில் நமக்கு மற்றொரு செல்வம் கிடைத்தது. லெபனான், ஸ்பெயின் நாடுகளின் அம்பரில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தைச் சேர்ந்த இக்குடும்பத்துப் பூச்சிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இக்குடும்பத்தில் இன்று உயிரோடு உள்ளவை மூன்று பேரினங்கள், ஆறே இனங்கள். கல்லாய்ப் போனவையோ அவற்றினும் பல மடங்கு. ஒரு காலத்தில் பெருகி வாழ்ந்த குலத்தின் கடைசி ஆறு வாரிசுகள் என்று இவற்றைச் சொல்லலாம். ராமகிருஷ்ண ஐயர் ‘ஆதி’ என்ற சொல்லை இந்த அம்பர்ச் செய்திகளை அறிந்து இடவில்லை. அச்சொல் பின்னர்த் தானாகப் பொருந்திவிட்டது.

‘ஈச்சம்பூப் பூச்சி எந்தக் குடும்பத்தில் இருந்தால் என்ன, யாருக்கு நஷ்டம்?’ என்று நேயர்களில் ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அதற்கு விடை சித்தூர்ச் சீமையின் நிலக்கடலைக் கொல்லையிலேயே இருக்கிறது.

நிலக்கடலைச் செடிக்கு மொட்டுக் கருகல் என்றொரு நோய் வரும். இளம் இலைகளில் வளைய வளையமாகப் புள்ளிகள் தோன்றும், நுனிக்குருத்து கருகும், செடி குட்டையாகிக் காய்ப்பிழக்கும். இது வைரஸ் நோய். செடிக்குச் செடி எடுத்துச் செல்வது இலைப்பேன். நெடுங்காலம் இந்த வைரஸ், வெளிநாடுகளில் தக்காளியைத் தாக்கும் புள்ளிவாடல் வைரஸே என்று கருதப்பட்டது. அதைக் கொண்டு செல்பவை ஃப்ராங்க்ளினியெல்லா ஷுல்ட்ஸே என்ற இலைப்பேனும், மிளகாய் இலைப்பேனும் என்று நூல்கள் எழுதின. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார், தங்கள் பூச்சி மாதிரிகளை இத்துறை வல்லுநரிடம் காட்டி மீண்டும் ஆராய்ந்தனர். 1990இல் வெளிவந்த குறிப்பு, முதன்மையான குற்றவாளி அவ்விரண்டும் அல்ல என்றும், ‘த்ரிப்ஸ் பால்மி’ என்ற மூன்றாவது இனம் என்றும் தெரிவித்தது. சுமத்ராவின் புகையிலையிலிருந்து 1925இல் கார்னி என்பவர் பெயரிட்ட இனம் அது. 1992இல் வைரஸும் வேறு என்று புலப்பட்டு, அதற்கும் தனிப்பெயர் அமைந்தது. பூச்சியின் பெயரும் தவறு, வைரஸின் பெயரும் தவறு. இரண்டு தவறுகளின்மேல் பல ஆண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது! எந்தக் களையில் பூச்சி தங்குகிறது, எந்தப் பருவத்தில் பறந்து வருகிறது, எந்த மருந்துக்கு மடிகிறது என்பனவெல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடுவன. பெயர் மாறினால் உழவருக்குச் சொல்லும் யோசனையும் மாறும்.

அந்த 1990ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதியவர்களுள் ஒருவர் பால்மர். பத்து ஆண்டுகளுக்கு முன் ஈச்சம்பூப் பூச்சிக்குத் தனிக் குடும்பம் வகுத்த மூவருள் ஒருவரும் அவரே. பயனற்றதென்று தோன்றிய பூச்சியின் உணர்கொம்புக் கணுவைப் பொறுமையோடு பார்த்துப் பழகிய கண்ணே நிலக்கடலைக் கொல்லையின் பூச்சியையும் பிரித்து அறிந்தது. இவ்விரு வேலைகளையும் செய்ய வெவ்வேறு ஆட்கள் கிடையாது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் வளர்க்க முடியும் என்று திட்டமிடுவோர் இதைக் கருத்தில் கொள்வது நலம்.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திர, தெலுங்கானா மாநிலங்களின் மிளகாய்ப் பயிரில் புதிய இலைப்பேன் ஒன்று பேரழிவு செய்தது. பழைய மிளகாய் இலைப்பேன் வெளிறிய மஞ்சள் நிறத்தது. இதுவோ கருமை கலந்தது. பூவுக்குள் கூட்டமாய்ப் புகுந்து பூவையே உதிர்த்தது. தெலுங்கு உழவர்கள் உடனே அதற்கு ‘நல்ல தாமர புருகு’ என்று பெயரிட்டனர். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. எல்லையோரத் தமிழர் இதைக் கேட்டு, ‘இதில் என்ன நல்லது கண்டார்கள்?’ என்று எண்ணியிருந்தால் குற்றமில்லை. அறிஞர்கள் ஆராய்ந்து, அது தாய்லாந்திலிருந்து 1922இல் கார்னி விவரித்த ‘த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ்’ என்று கண்டனர். 2015இல் பெங்களூரில் பப்பாளிச் செடியில் அது இந்தியாவில் முதலிற் காணப்பட்டதும் பதிவாகியிருந்தது. உழவர் நிறத்தால் பிரித்ததும் அறிஞர் உறுப்பால் பிரித்ததும் இம்முறை ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஈச்சமரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில் பாளை வெடித்துப் பூங்கொத்து வெளிவரும். விடுமுறையில் ஊர் செல்லும் நேயர்களின் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஆர்வம் இருந்தால், பூங்கொத்தின் கீழே ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்து, கொத்தை இரண்டுமுறை மெல்லத் தட்டினால் போதும். தட்டில் விழுந்து ஓடும் சிறு கீற்றுகளை ஈரத் தூரிகையால் தொட்டெடுத்துச் சாராயக் குப்பியில் இடவேண்டும். குப்பியினுள் ஒரு சீட்டையும் போடவேண்டும். மை கரையும் ஆதலால் பென்சிலால் எழுதுவதே முறை. மரத்தின் பெயர், நாள், எடுத்தவர் பெயர், ஊர், மாவட்டம் ஆகிய இவ்வளவும் சீட்டில் இருந்தால்தான் நூறு ஆண்டு கழித்தும் அந்தப் பூச்சிக்கு மதிப்பு உண்டு. பிச்சாட்டூரில் எடுத்ததாயின், 2022 ஏப்ரல் 4க்கு முற்பட்ட சீட்டுகளில் மாவட்டம் சித்தூர் என்று இருக்கும். அதன்பின் எழுதுவோர் திருப்பதி என்று எழுதவேண்டும். இரண்டும் ஒரே ஊர் என்பதைக் காட்சிச்சாலையார் அறியும்படி, பக்கத்தில் ‘ஆரணியாற்று நீர்த்தேக்கத்தின் அருகே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.